கைகள் கற்கும் பாடம்

அறிவியல் வகுப்பில் நாம் கண்ணுக்கும் காதுக்கும் நிறைய வேலை கொடுக்கிறோம். படம் பார்க்கச் சொல்கிறோம், விளக்கத்தைக் கேட்கச் சொல்கிறோம். விரல்களுக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் எழுதுவதும் வரைவதும்தான். தொட்டு உணர்ந்து ஒன்றை அறிந்துகொள்வதும் ஒரு கல்விதான். அதற்கும் படிநிலைகள் உண்டு, பயிற்சி உண்டு, எல்லையும் உண்டு. முதுகெலும்புத் தொடரைப் பற்றி மூன்று பாடவேளைகளில் அப்படி ஒரு பாடத்தை நான் நடத்தினேன். அதற்குத் துணைநின்றவர் இயற்கை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும் என் முன்னாள் மாணவி. மற்றப் பள்ளிகளிலும் செலவில்லாமல் செய்து பார்க்கலாம் என்பதால் ஆசிரிய நண்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இந்தப் பாடம்?

நான் பணியாற்றுவது நெய்வேலி நகரியத்தில். 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957-இல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி ஆரம்பித்த ஊர். இங்கே முகவரி சொல்லும்போது தெருப்பெயரை விட வட்டத்தின் எண்தான் முதலில் வரும். ஊரின் நேரத்தை 'ஷிப்ட்' தான் தீர்மானிக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் கனரக வாகனம் ஓட்டுபவர்கள், பளு தூக்குபவர்கள், இரவெல்லாம் நின்று வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோர் முந்திரிக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் குனிந்து வேலை செய்பவர்கள். ஆக, முதுகுவலி என்பது எங்கள் பிள்ளைகள் தினமும் வீட்டில் கேட்கும் சொல்.

இது நம் ஊரின் சிக்கல் மட்டுமல்ல. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனிதரின் இயக்கத்தை முடக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இந்தப் பாடத்தை நடத்த உடனடிக் காரணம் வேறு. மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர் ஒருவர் தாடையை ஒருவர் பிடித்துத் திருப்பி 'நெட்டி' எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலைபேசியில் பார்த்ததாம். கழுத்தைச் சட்டென்று திருப்பியதும் 'படக்' என்று சத்தம் வரும், படுத்திருப்பவர் சிரித்துக்கொண்டே எழுந்து உட்காருவார். அந்தக் காணொளிகளில் மருத்துவரின் பெயர் 'கைரோபிராக்டர்' என்று ஒரு மாணவன் எனக்கே சொல்லிக்கொடுத்தான். "செய்யாதே" என்று சொன்னால் அந்த இடைவேளையோடு நிற்கும். ஏன் செய்யக்கூடாது என்பது புரிந்தால்தான் வீட்டிலும் நிற்கும். அதனால் அதையே பாடமாக்கினேன்.

கையால் கற்கும் படிப்பு

நான் அழைத்த முன்னாள் மாணவி படிப்பது 'பி.என்.ஒய்.எஸ்.' எனப்படும் இயற்கை மருத்துவம் மற்றும் யோக அறிவியல் பட்டப்படிப்பு. நான்கரை ஆண்டுகள் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகளிடம் இப்படி ஒரு படிப்பு இருப்பதை நாம் சொல்ல வேண்டும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

அவர் வகுப்புக்கு வருவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் என்னோடு பேசினார். எனக்கு வியப்பளித்தது, அவர்கள் கற்கும் வரிசை. முதலாண்டில் உடற்கூறியலும் உடற்செயலியலும். எலும்பின் பெயரை எழுதத் தெரிந்தால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கிய எலும்பு எது, இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்ல வேண்டும். பிறகு கைமுறை சிகிச்சை. தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல் என்ற ஐந்து அசைவுகளையும் முதலில் சக மாணவர்களின் முதுகில்தான் பழகுகிறார்கள். அழுத்தம் கூடினால் படுத்திருப்பவர் உடனே சொல்லிவிடுவார்.

"மண்பட்டியோ இடுப்புக் குளியலோ, நோயாளிக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நாங்களே எடுத்துப் பார்த்துடுவோம் டீச்சர். குளிர்ந்த மண்ணை வயித்துல வெச்சா எப்படி இருக்கும்னு தெரியாம அடுத்தவங்களுக்கு வெக்கக்கூடாது இல்லையா?" என்றார்.

"எதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆச்சும்மா?" என்று கேட்டேன்.

"எங்க கை வைக்கக்கூடாதுங்கிறதுதான்."

இந்தப் பதிலைச் சுற்றித்தான் மூன்று பாடவேளைகளையும் அமைத்தோம். உணர்தல், அறிதல், நிறுத்துதல். கைத்தொழில் எதுவானாலும் இந்த மூன்றும் உண்டு. காணொளியில் தெரிவது இவற்றுக்கு அப்பால் உள்ள ஒரே ஒரு நொடி மட்டுமே.

பின்னணியாக ஆசிரியர் அறிய வேண்டியவை

'கைரோபிராக்டிக்' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'கையால் செய்வது' என்று பொருள். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடப் பணியாளரின் முதுகெலும்பைக் கையால் அழுத்தியதும் அவருக்கு மீண்டும் காது கேட்கத் தொடங்கியது என்பது பால்மர் சொன்ன செய்தி. 1897-இல் அவர் பள்ளியும் தொடங்கினார். ஏறக்குறைய எல்லா நோய்களுக்கும் முள்ளெலும்பு இடம் பிசகுவதே காரணம் என்று அவர் நம்பினார். அந்தக் கருத்துக்கு இன்றுவரை அறிவியல் சான்று இல்லை. ஆனால், முதுகுவலிக்குக் கைமுறை சிகிச்சை ஓரளவு உதவும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நோயாளிக்கு விளக்கம் அளித்தல், உடற்பயிற்சி ஆகியவற்றோடு, முதுகெலும்புக்கான கைமுறை சிகிச்சையும் மசாஜும் இடம்பெற்றுள்ளன.

ஒருவர் சொன்னதில் ஒரு பகுதி சரியாகவும் மறுபகுதி தவறாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துத்தான் ஏற்க வேண்டும். மாணவர்களுக்கு அறிவியல் மனப்பான்மையைச் சொல்லிக்கொடுக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் சித்த மருத்துவத்திலும் கைமுறை சிகிச்சை உண்டு. தொக்கணம் என்பது அதன் பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதில் ஒன்பது வகை. ஒன்பதும் வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர்கள் என்பதைத் தமிழாசிரியர்கள் இலக்கண வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம். இயற்கை மருத்துவத்தில் காந்தியடிகளுக்கு இருந்த ஈடுபாட்டையும் சமூக அறிவியல் வகுப்போடு இணைக்கலாம். 1946-இல் புனே அருகே உருளிகாஞ்சன் என்ற சிற்றூரில் அவர் இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கினார். நவம்பர் 18 தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதல் பாடவேளை: விரல்கள் உணரட்டும்

செயல்பாடு 1. மேசைமீது ஒரு தலைமுடியை வைத்து, அதன்மேல் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றைப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முடி எந்த இடத்தில், எந்தத் திசையில் கிடக்கிறது என்று விரல்நுனியால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் இன்னொரு தாள், பிறகு மூன்றாவது தாள். கைமுறை சிகிச்சை கற்பவர்கள் தொடுஉணர்வைக் கூர்மையாக்கச் செய்யும் பழைய பயிற்சி இது. விரலை அழுத்தினால் முடி தெரியாது, லேசாக வைத்தால்தான் தெரியும் என்பதை யாரும் சொல்லாமலே மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகக் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் மாணவி ஒருத்தி நான்கு தாளுக்கு அடியில் இருந்த முடியைக் கண்டுபிடித்தாள். அவள் அம்மாவோடு சேர்ந்து பூ கட்டுபவள்.

செயல்பாடு 2. கொண்டை ஊசியை விரித்து அதன் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் தோலில் மெதுவாக வைக்க வேண்டும். ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். விரல்நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியையே இரண்டு புள்ளிகளாக உணர முடியும். முதுகில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இடைவெளி தேவைப்படும். பிரெயில் எழுத்தில் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 2.5 மில்லிமீட்டர். பிரெயில் நூலை ஏன் விரல்நுனியால் படிக்கிறார்கள், உள்ளங்கையால் ஏன் படிப்பதில்லை என்ற கேள்விக்கு மாணவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

இந்தச் செயல்பாடுகளுக்கு முன் ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும்: 'கேட்டு, சரி என்ற பிறகே தொட வேண்டும்.' மாணவிகள் மாணவிகளோடும் மாணவர்கள் மாணவர்களோடும் இணையட்டும். விருப்பம் இல்லாதவர் தன் கையிலேயே செய்து பார்க்கலாம். எங்கள் விருந்தினர் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார். நோயாளியிடம் சொல்லாமல் அவர்மேல் கை வைக்கும் மாணவருக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கிடையாதாம். பாதுகாப்பான தொடுதல் பற்றி நாம் தனியாக நடத்தும் வகுப்பு இங்கே இயல்பாகவே வந்துவிடுகிறது.

இரண்டாம் பாடவேளை: முதுகை அறிவோம்

ஆறாம் வகுப்பில் மனித உறுப்பு மண்டலங்களையும் எட்டாம் வகுப்பில் விலங்குகளின் இயக்கத்தையும் படித்த மாணவர்களுக்கு முதுகெலும்பு பற்றி ஓரளவு தெரியும். பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள். வளர வளரத் திருவெலும்பின் ஐந்தும் வாலெலும்பின் நான்கும் இணைந்துவிடுவதால் பெரியவர்களிடம் 26 எலும்புகள். அசையக்கூடியவை 24: கழுத்தில் 7, மார்பில் 12, கீழ்முதுகில் 5. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் 7 தான் என்றதும் வகுப்பில் கலகலப்பு வந்துவிடும்.

செயல்பாடு 3. தண்ணீர்ப் பாட்டில் மூடிகள் 24 சேகரித்து நடுவில் துளையிட வேண்டும். பழைய ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி 23 துண்டுகள் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிகள் முள்ளெலும்புகள், ஸ்பாஞ்சு அவற்றுக்கு இடையில் உள்ள குருத்தெலும்பு வட்டு, அதாவது நாம் பேச்சில் 'டிஸ்க்' என்பது. கயிற்றில் மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். முதல் மூடிக்கும் இரண்டாவது மூடிக்கும் இடையே மட்டும் ஸ்பாஞ்சு வைக்கக்கூடாது. கடைசி ஸ்பாஞ்சு கடைசி மூடிக்குக் கீழே, திருவெலும்பின்மேல் வரும். மாதிரியை வளைத்தால் ஒருபக்கம் ஸ்பாஞ்சு நசுங்கி மறுபக்கம் பிதுங்கும். குனிந்தபடி பளு தூக்கினால் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு ஏன் இல்லை? தலையை இடமும் வலமும் திருப்புகிறோமே, அந்தத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. இதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த பாடவேளையில் தேவைப்படும்.

செயல்பாடு 4. தலையைக் குனிந்து பிடரியின் அடியில் தடவினால் மேடாகத் தட்டுப்படும் எலும்பு பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தால், அந்தக் கோடு நான்காவது கீழ்முதுகு முள்ளெலும்பின் அருகே முதுகைக் கடக்கும். படத்தில் பார்த்த எலும்பைத் தன் உடலிலேயே தொட்டுப் பார்த்ததும் மாணவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியை நீங்கள் பார்க்க வேண்டும்.

வீட்டுச் செயல்பாடு. காலையில் எழுந்தவுடன் சுவரில் உயரத்தைக் குறித்து, இரவு படுக்குமுன் மறுபடி அளக்க வேண்டும். காலையில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரம் கூடுதலாக இருக்கும். பகலெல்லாம் உடல் எடையால் வட்டுகளிலிருந்து நீர் வெளியேறுகிறது. படுத்துறங்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு நிம்மதியான பகல் தூக்கம் ஏன் தேவை என்பதை இந்தக் குறிப்பிலிருந்தே பிள்ளைகள் வீட்டில் எடுத்துச் சொன்னார்கள்.

மூன்றாம் பாடவேளை: எங்கே நிறுத்த வேண்டும்?

இது மாணவர்கள் காத்திருந்த பாடம். 'படக்' சத்தம் எங்கிருந்து வருகிறது? எலும்போடு எலும்பு உரசுவதால் என்றார்கள். எலும்பு இடத்தில் போய் உட்காருவதால் என்றார்கள். இரண்டும் இல்லை. மூட்டுக்குள் உயவுத் திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து திரவத்தில் வாயுக்குழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, சத்தம் வரும் கணத்தில் குழி உருவாவதைப் படம்பிடித்தார்கள். நெட்டி எடுத்த விரலில் உடனே இன்னொரு முறை எடுக்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம். ஆக, சத்தம் வந்தது என்பதால் வலி தீர்ந்தது என்றோ, எலும்பு சரியானது என்றோ பொருள் இல்லை.

நெட்டி எடுத்தால் முடக்குவாதம் வருமா என்று ஒரு மாணவி கேட்டாள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களுக்கு மட்டும் நெட்டி எடுத்து, வலக்கையை விட்டுவிட்டார். இரண்டு கைகளிலும் மூட்டு நோய் வரவில்லை. 2009-இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒருவரின் கையை வைத்து எல்லாருக்கும் முடிவு சொல்லலாமா என்று கேளுங்கள். பத்து நிமிடம் நல்ல விவாதம் நடக்கும்.

ஆனால், விரல் வேறு, கழுத்து வேறு. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்தின் மேல் ஆறு முள்ளெலும்புகளில் உள்ள துளைகள் வழியாக ஏறி, முதல் முள்ளெலும்பின்மேல் வளைந்து மண்டைக்குள் போகின்றன. பாட்டில் மூடி மாதிரியில் பக்கவாட்டில் துளையிட்டு உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி, முதல் மூடியைத் திருப்பிக் காட்டினோம். குழல் மடங்கியது. தலை அதிகம் திரும்பும் இடமும் தமனி வளையும் இடமும் ஒன்றுதான். வேகமாகத் திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம்கூட வரலாம். அரிதாக நடப்பதுதான்; நடந்தால் திருப்பித் தர முடியாத இழப்பு. நெட்டி விளையாட்டு விளையாடிய பையன்கள் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு மாணவன் எழுந்து கேட்டான். "டீச்சர், எங்கப்பா லாரி ஓட்டுறாரு. தெனமும் ராத்திரி நான்தான் முதுகு அழுத்தி விடுவேன். இப்ப ஒரு மாசமா வலது காலு மரத்துப் போவுதுன்றாரு. அந்த வீடியோவுல செய்யிற மாதிரி இடுப்ப முறுக்கி விட்டா சரியாயிடுமா?"

விளையாட்டுக்காக மட்டும் பிள்ளைகள் அந்தக் காணொளிகளைப் பார்ப்பதில்லை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் புரிந்தது. எங்கள் விருந்தினர் அவன் அருகில் போய் நின்று சொன்னார்: "தம்பி, நீ அழுத்திவிடுறது நல்ல பிள்ளை செய்யிற காரியம். ஆனா கால் மரத்துப் போனா அங்க நம்ம கை நிக்கணும். முறுக்கவே கூடாது. நாளைக்கே அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

அன்று மாலையே நான் அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். பரிசோதனையில் கீழ்முதுகு வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. மருந்து, சில வாரம் ஓய்வு, பிறகு இயன்முறைப் பயிற்சி என்று மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. அவர் மறுபடி வேலைக்குப் போகிறார்.

அந்தப் பாடவேளையின் முடிவில் மாணவர்கள் எழுதிக்கொண்ட பட்டியல் இது. முதுகுவலியோடு இவற்றில் எது இருந்தாலும் கை வைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்:

• கால் அல்லது கை மரத்துப்போதல், வலுவிழத்தல்
• சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போதல் (உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்)
• கீழே விழுந்தபின் அல்லது விபத்துக்குப்பின் வந்த வலி
• காய்ச்சலோடு சேர்ந்த வலி
• காரணமின்றி எடை குறைதல்
• படுத்தாலும் குறையாத இரவு வலி

பாடத்துக்குப் பின்

வகுப்பில் தராசு கொண்டுவந்து புத்தகப் பைகளை எடைபோட்டோம். 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கைப்படி பையின் எடை மாணவர் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. விழுக்காட்டுக் கணக்கைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொண்டார். நம் மாநிலத்தில் 2012-13 முதல் வந்த முப்பருவ முறை புத்தகச் சுமையைக் குறைத்தது. ஆனாலும் தேவையில்லாத நோட்டுகளும் பெரிய தண்ணீர்ப் பாட்டிலும் பையில் ஏறிக்கொள்கின்றன. எதை வீட்டில் வைக்கலாம் என்று மாணவர்களே முடிவு செய்தார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் செயல்பாடு 1-ஐயும் உயரம் அளப்பதையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பைக்குள் இருக்கும் பொருளைத் தொட்டே சொல்லும் விளையாட்டையும் சேர்க்கலாம். உயர்நிலை வகுப்புகளில் மூன்று பாடவேளைகளும் பொருந்தும். மதிப்பீட்டுக்கு 'படம் வரைந்து பாகம் குறி' என்பதோடு இந்தக் கேள்வியையும் சேர்க்கலாம்: 'உன் வீட்டில் ஒருவர் முதுகுவலி என்று சொல்கிறார். அவரிடம் நீ கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுது.' விடைத்தாளைத் திருத்தும்போது நமக்கே பல செய்திகள் தெரியவரும்.

இந்தப் பாடம் பிள்ளைகளை வைத்தியர்களாக்குவதற்கு அல்ல. பெற்றோரின் கால் பிடித்துவிடுவதும் முதுகு அழுத்திவிடுவதும் நம் வீடுகளில் பிள்ளைகள் காட்டும் அன்பு. அந்த அன்புக்குக் கொஞ்சம் அறிவையும் துணை சேர்த்து அனுப்புவது நம் வேலை. பாட்டில் மூடிகளை இந்த வாரமே சேகரிக்கத் தொடங்குங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அதிக நேரம் ஒதுக்கி வையுங்கள்.